எந்த ஆங்கிலம் சுத்தம்?

மலையகப் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலமே அல்ல என்று எழுதியிருக்கிறார் ஒருவர். பட்டிப்பொல ஸ்டேசனில் இறங்கும் வெளிநாட்டவரை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துப்போகும் இளைஞர்களின் பேச்சை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார். லண்டன் உச்சரிப்பு வராதவரை ஆங்கில ஆசிரியராக்கக் கூடாதாம். நேர்முகப் பரீட்சையில் அதற்கெனத் தனிப் புள்ளி வேண்டுமாம். அறியாமையும் வர்க்கத் திமிரும் சேர்ந்து எழுதிய வாதம் இது.

அவர் சொல்லும் சுத்த ஆங்கிலம் இந்த மலைக்கு எப்போது வந்தது? 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அன்றைய தோட்டத் துரைமாரில் ஏராளமானோர் அந்நாட்டவரே. டன்சினன், பல்மோரல், எடின்பரோ என்று தோட்டங்களுக்குத் தங்கள் நாட்டுப் பெயர்களைச் சூட்டினார்கள். 'கார்' என்ற சொல்லின் கடைசி ரகரத்தை ஸ்கொட்லாந்துக்காரர் அழுத்திச் சொல்வார்; லண்டனில் படித்தவர் விழுங்கிவிடுவார். அதே ரகரம் தோட்டத்துப் பிள்ளையின் வாயில் வந்தால் மட்டும் பிழையா?

'நொட் பொட் இங்கிலீஷ்' என்ற பழைய ஏளனத்தையும் தூசி தட்டி எடுக்கிறார். நமக்கு இரண்டு ஒகர ஒலிகளைப் பிரித்துச் சொல்லத் தெரியாதாம். கட்டிலைக் குறிக்கும் 'கொட்', பிடித்ததைக் குறிக்கும் 'கோட்' இரண்டையும் ஒரே ஒலியில் சொல்லும் அமெரிக்கர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விண்ணப்பித்தால் இவர் கதவைச் சாத்துவாரா? 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யூ' எழுத்தை நீக்கி அமெரிக்கரான வெப்ஸ்டர் 1828இல் அகராதி அச்சிட்டார். அது ஒரு நாட்டின் எழுத்துமுறையாக நிலைத்துவிட்டது.

எனக்குப் பொறுக்காதது சொற்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதுதான். தமிழ் கலந்தால் ஆங்கிலம் கெட்டுவிடுமாம். துரைமாரின் ஆங்கிலத்தில் 'கங்காணி' இருந்தது, 'துண்டு' இருந்தது. கடனை அடைத்தால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்த சீட்டுதான் துண்டு. அது கையில் இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை நிர்வாகத்தின் ஆங்கிலப் பத்திரங்களில் அந்தத் தமிழ்ச் சொல் அப்படியே இருந்தது. நம் மக்களைக் கடனில் கட்டிவைத்த காலத்தில் நம் சொல் ஆங்கிலத்துக்கு ஆகியிருக்கிறது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் உத்தியோகம் கேட்டு வரும்போது மட்டும் அது அழுக்காகிவிடுகிறதா?

இலக்கணப் பிழையைத் திருத்துங்கள், எழுதப் பழக்குங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரியர்கள் வேண்டும். இருக்கும் பற்றாக்குறையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர், வரத் தயாராக இருப்பவர்களையும் உச்சரிப்பைச் சொல்லித் தடுக்கப் பார்க்கிறார். அந்த யோசனையை அவர் பகிரங்கமாக மீளப் பெற வேண்டும்.