ஆண்டு புதிது, அறிவு?

பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பை முடித்து வெளிவரும் தமிழிளைஞன், தை முதல் நாளில் கேட்கும் வினாக்கள் மூன்று.

முதல் வினா ஆண்டைப் பற்றியது. அறுபதாண்டுச் சுழற்சியின் வடமொழிப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவன. அவற்றால் தொடர்ந்து காலங் கணக்கிட இயலாது. தை முதல், நடப்பு ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் திருவள்ளுவராண்டு கிடைக்கும். இவ்வெளிய கணக்கை வகுப்பறை ஏன் பழக்கவில்லை? தை முதல் நாளைப் புத்தாண்டாக்கிய 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 2011-இல் நீக்கப்பட்டது. சட்டம் தந்ததைச் சட்டமே பறிக்கும். நெஞ்சில் ஊன்றியதை எவர் பறிப்பார்?

அடுத்தது கல்வி. மதிப்பெண் குவித்தவனுக்குத் தாய்மொழியில் பிழையற ஒரு மடல் வரையத் தெரியாதெனின், அக்கல்வி எதற்கு?

மூன்றாவது தொலைக்காட்சி. 1975 ஆகத்து 15-இல் சென்னையில் அது கால்கொண்டது. இன்றோ, பொங்கல் நாளிலும் நடிகர் நேர்காணலே பொழுதை விழுங்குகின்றது. உழவனுக்கு ஆங்கு இடம் அரிது. மொழியோ ஆங்கிலக் கலவை. கருவியின்மேல் குற்றமில்லை. 2019-இல் அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2020-இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகட்குப் பாடம் கொண்டுசென்றதன்றோ?

வினாக்கள் மூன்றாயினும் விடை ஒன்றே. பள்ளி விட்டதை இளைஞர் தாமே மேற்கொள்ளல் வேண்டும். நாடோறும் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்து, ஒரு தமிழ் நூலைத் திறக்கட்டும். புத்தாண்டு அங்குத் தொடங்கும்!