கிராம்புத் தீவில் இரத்தப் பஞ்சம்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம், சான்சிபாரைச் சேர்ந்தது பெம்பா தீவு. ஊர் ஊராக மணக்கும் கிராம்பு விளையும் மண். சுற்றிலும் மீன் துள்ளும் கடல். ஆனால் அங்கே கருவுற்ற தாய்மார் பலர் உடலில் போதிய இரத்தம் இல்லை!

விதி என்பார் சிலர். அறியாமை என்பார் படித்த கனவான்கள். காரணம் காலடியில் கிடக்கிறது, தோழர்களே! கழிப்பிடம் இல்லாத குடிசை, ஈர மண், செருப்பு காணாத கால். கொக்கிப்புழுவுக்கு வேறென்ன வேண்டும்? பாதத்தைத் துளைத்து ஏறிக் குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. 1990களில் அத்தீவின் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தவர்கள் கண்டதும் இதையே. பிள்ளைக்கே அந்தக் கதி என்றால், வயிற்றுக்குள் இன்னோர் உயிரையும் வளர்ப்பவளுக்கு?

ஏழை வீட்டுக் கலத்தில் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்கு. அதில் இரும்புச்சத்து சொற்பம். ஒரு பிள்ளை இடுப்பை விட்டு இறங்குமுன் அடுத்தது. மலேரியாவோ, 2003க்குப் பின் புது மருந்தும் கொசுவலையும் வந்து வெகுவாக அடங்கியது. அரசு முனைந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று!

கர்ப்பிணிக்கு நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும், புழு மிகுந்த இடங்களில் முதல் மூன்று மாதம் கழித்துப் புழு மருந்தும் தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாத்திரை மலிவுதான். மண் மாறாதவரை புழு மறுபடி ஏறும். கழிப்பிடத்துக்கும் செருப்புக்கும் பணம் எங்கே?