பத்து நாள் ஈட்டிய விடுப்பு, வீட்டிலேயே



உங்கள் தமிழம்மா எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். என்னுடைய 45 நிமிட வகுப்பையே தாங்கியவர்கள், இதையும் தாங்கிக்கொள்வீர்கள்.

"மே மாசம் எங்க போறீங்க டீச்சர்?" என்று இதுவரை 17 பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கேயும் போகவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் சாய்வு நாற்காலியில் இருக்கிறேன். இதைச் சொன்னதும் போனில் ஒரு சின்ன அமைதி வருகிறது. அதற்கப்புறம் இழவு வீட்டில் பேசுகிற குரலில், "ஏன் டீச்சர், உடம்புக்கு ஏதாவது?" என்கிறீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் என்னோடு கூட்டணி இல்லாமல் தனியாக இயங்குகிறது.

மகள் பெங்களூரிலிருந்து கொடைக்கானலுக்கு ரூம் பார்த்தாள். இப்போதெல்லாம் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து அந்த நடைமுறை. 2025-இல் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்துவிட்டது. வண்டிக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை 24,000 பேர். அந்த 24,000 பேரோடு ஒரு ஏரியைச் சுற்ற வேண்டுமா? கூட்டத்தில் இடிபடுவதற்கு, பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் சன்னதித் தெரு இருக்கிறதே. இ-பாஸும் வேண்டாம்.

"வீட்டிலேயே இருப்போம். சொந்த வீட்டு சுகம் எங்க வரும்?" என்று எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். 35 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர், செலவில்லாத எதையும் சுகம் என்றுதான் சொல்வார். நானும் சரி என்றேன்.

முதல் நாள் காலை. அவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, செய்தித்தாளை விரித்து, "எவ்வளவு நிம்மதியா இருக்கு பாத்தியா? சூடா ஒரு காபி போடேன். கூடவே நாலு வாழைக்காய் பஜ்ஜி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லீவு அவருக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. வீட்டில் ஒருவர் ஓய்வெடுத்தால் இன்னொருவருக்கு ஓவர்டைம். கொடைக்கானலில் இருந்திருந்தால் அந்த பஜ்ஜியை முன்பின் தெரியாத யாரோ போட்டிருப்பார்கள்.

நான் சண்டை போடவில்லை. அரசு ஊழியராக இருந்தவள், முறைப்படி போக வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, "சமையலறைப் பணியில் 1986 முதல் இடைவெளியின்றிப் பணியாற்றி வரும் எனக்கு, என் கணக்கில் சேர்ந்துள்ள ஈட்டிய விடுப்பில் 10 நாட்கள் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மாற்று ஆள் ஏற்பாடு எதுவும் எழுதலையே?" என்றார். "அது அலுவலகத்தின் பொறுப்பு" என்றேன்.

இன்று எட்டாம் நாள். முதல் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. புதுமனை புகுவிழாவில்தான் அப்படிப் பால் பொங்கிப் பார்த்திருக்கிறேன். காலை இட்லி தெருமுனை அம்மாவிடம். மதியம் அவர் வைக்கும் ரசம். அதை ரசம் என்று ஒப்புக்கொண்டது என் இல்லறத்தின் பெரிய தியாகம். இரவு தயிர்சாதம். இந்த எட்டு நாளில் நான் அடுப்பைத் தொடவில்லை.

இவ்வளவு சிரித்தபிறகு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் சும்மா இருப்பது எனக்கு வரவே இல்லை. முதல் மூன்று நாள் கை பரபரத்தது. எதையாவது மடிக்க, துடைக்க, அடுக்க. ஏன் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த வீடு எதுவும் சும்மா இருந்ததே இல்லை.

உங்களில் சிலருக்குத்தான் தெரியும், நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்கள் கூடத்தில் பாதி தறி. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் அப்பா சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அம்மா திண்ணையில் ராட்டை வைத்துத் தார் சுற்றுவாள். கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆளால் ஆகாது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் ஊடை ஒன்றையொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓட வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுத்தர ஒரு சின்னக் கை வேண்டும். பள்ளிக்கூடம் இருந்தால் அந்தக் கை சாயங்காலம் மட்டும் கிடைக்கும். முழுப் பரீட்சை லீவு விட்டால் நாள் முழுக்கக் கிடைக்கும். அதனால் மே மாதம் எங்கள் வீட்டில் புடவை சீக்கிரம் இறங்கும். அப்பா லீவுக்காகக் காத்திருப்பார். நான் பள்ளிக்கூடம் திறப்பதற்காகக் காத்திருப்பேன்.

அமாவாசைக்குத் தறி நிற்கும். மழைக்கும் நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி நின்றுவிட்டால் எல்லோரும் வீட்டில் சும்மா இருப்போம். அதுதான் நான் பார்த்த வீட்டு விடுமுறை. அந்த நாட்களில் கூலி இல்லை, அம்மா கைமாத்துக்குப் போவாள். நாங்கள் குடும்பமாக வெளியே போனது ஒரே ஒரு முறைதான் எனக்கு நினைவிருக்கிறது. 1979-இல் அத்திவரதரைப் பார்க்க, சின்ன காஞ்சிபுரத்துக்கு. ஒரே ஊர்தான், நடந்தே போய்வந்தோம். அன்றைக்கு ஒரு நாள் தறி நின்றது. அப்பா வழியெல்லாம் மற்றவர்கள் கட்டியிருந்த புடவைகளின் கரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. 34 வருடம் ஒவ்வொரு ஜூனிலும் நான் உங்களுக்குக் கொடுத்த முதல் கட்டுரை என்ன? "கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?" முன்னுரை, பொருளுரை, முடிவுரை. வகுப்பில் பாதிப் பேர் ஊட்டிக்குப் போயிருப்பீர்கள். எல்லோரும் ஒரே ரயிலில், ஒரே பூங்காவுக்கு, ஒரே மாதிரி "இன்பச் சுற்றுலா" போயிருப்பீர்கள். ஏனென்றால் எல்லோரிடமும் ஒரே கோனார் உரைதான். ஊட்டியை வரைபடத்தில்கூடக் காட்டத் தெரியாத பிள்ளைகள் அது. நானும் சிவப்பு மையில் "நன்று" போட்டு 10-க்கு 8 கொடுத்தேன். பொய் என்று எனக்குத் தெரியாதா? என் சிறுவயதில் நானே அந்த ஊட்டிக்குப் போய்வந்தவள்தானே.

தொண்ணூறுகளில் ஒரு வருடம், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் உண்மையை எழுதினான். அப்பாவோடு தறியில் இருந்தேன், ரெண்டு புடவை முடிச்சோம், தங்கச்சிக்குச் செருப்பு வாங்கினோம், மீதி நாள் தூங்கினேன். ஏழு வரி. முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, ஒற்றுப்பிழை ஆறு. நான் 10-க்கு 4 போட்டேன். பக்கத்தில், "கேட்ட வினாவுக்கு விடை எழுதவும்" என்று எழுதினேன்.

அவன் கேட்ட வினாவுக்குத்தான் விடை எழுதியிருந்தான். வகுப்பிலேயே அவன் ஒருவன்தான். அவன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இங்கே எழுதப் போவதில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், அந்த 4-ஐ அடித்துவிட்டு 10 போட்டுக்கொள். கையெழுத்து நான் போடுகிறேன்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, வீட்டுத் தொழிலில் பெற்றோருக்கு உதவும் பிள்ளைகளை அது விட்டுவிட்டது. பிறகு தறியிலிருந்து பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அழைத்து வர ஊரில் எத்தனையோ பேர் பாடுபட்டார்கள், நிலைமை நிறையவே மாறியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் 2016-இல் திருத்தம் செய்தபோதும், அபாயமில்லாத வீட்டுத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்று எழுதிவைத்தார்கள். அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. சட்டம் எழுதியவர்கள் தங்கள் விடுமுறையை எங்கே கழித்திருப்பார்கள் என்று ஒரு கட்டுரை கேட்க ஆசை.

அதனால் "எங்கேயும் போகலையா, பாவம்" என்று யாரும் என்னைப் பார்த்து உச் கொட்ட வேண்டாம். வேலை நின்ற ஒரு வீட்டில் பத்து நாள் இருப்பதுதான் நான் இதுவரை போகாத ஊர்.

இனி சொந்தக்காரர்கள் பகுதி. மாணவர்கள் கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

நான் 2019 மே மாதம் ஓய்வு பெற்றேன். அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஜூலை 1-ஆம் தேதி அத்திவரதர் எழுந்தருளினார். 40 வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர், 31 நாள் சயனத்தில், 17 நாள் நின்ற கோலத்தில், மொத்தம் 48 நாள் தரிசனம் கொடுத்தார். அந்த 48 நாளும் நம் சொந்தங்கள் எங்கள் வீட்டில் சயனத்தில் இருந்தார்கள். பழக்கதோஷத்தில் நான் வருகைப் பதிவேடு வைத்திருந்தேன். 63 பேர். சிலர் இரண்டு தடவை, ஏனென்றால் படுத்திருந்தவரைப் பார்த்தவர்கள் நிற்கிறவரையும் பார்க்க வேண்டுமாம். ஒருவரையும் குறை சொல்லவில்லை, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 48 நாளும் ஊருக்குள் இருந்த நான் அவரைப் பார்த்தது ஒரே ஒரு நாள், அதுவும் இட்லி மாவு பொங்கி வழியுமே என்ற கவலையோடு.

அதற்கப்புறமும் முகூர்த்த மாதம் தவறாமல் போன் வரும். "பட்டு எடுக்க வர்றோம், எட்டே பேர்தான், சிம்பிளா சாப்பாடு போதும்." எட்டுப் பேருக்குச் சிம்பிளாகச் சாப்பாடு போட்டுப் பார்த்தவர்கள் கை தூக்கவும்.

நேற்று நான் ஒரு சுற்றுலா போனேன். ஆட்டோவில், கைலாசநாதர் கோயிலுக்கு. சிரிக்காதீர்கள். அந்தக் கோயிலுக்கு நான் உங்களோடு இருபது தடவையாவது வந்திருப்பேன். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, கிட்டத்தட்ட 1,300 வருடம் ஆகிறது என்று வாசலில் நின்று ஒப்பிப்பேன். உள்ளே போனதும் நான் பார்த்தது உங்கள் தலைகளை மட்டும்தான். 78 இருக்கிறதா, 77-ஆ, அந்த ஒன்று எங்கே? கருவறையைச் சுற்றி ஊர்ந்து போகும் குறுகிய வழியில் ஒருத்தன் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றானே, ஞாபகம் இருக்கிறதா? அவன் இப்போது போலீஸ்காரர்.

நேற்றுதான் நான் அந்தக் கோயிலைப் பார்த்தேன். மதிலைச் சுற்றி வரிசையாக 58 சின்னச் சன்னதிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றேன். சில இடங்களில் பழைய வண்ண ஓவியம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முகத்தில் பாதி, ஒரு கன்னத்தின் வளைவு. நடுவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். யாரும் "டீச்சர், ஒன்னுக்கு" என்று வரவில்லை.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு காஞ்சிக்கு வந்தான். ஊரைப் பிடித்தான். இந்தக் கோயிலைப் பார்த்து அசந்துபோய், எதையும் எடுத்துக்கொள்ளாமல், கோயில் சொத்தைத் திருப்பிக் கொடுத்து, அதைக் கல்லிலும் வெட்டிவிட்டுப் போனான். அவனுடைய ராணி தன் ஊரான பட்டடக்கல்லில் இதைப் பார்த்தே ஒரு கோயில் கட்டினாள். காஞ்சிக்கு விருந்தாளியாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் எங்கே தேடுவேன்? படையோடு வந்தும் யாருக்கும் பஜ்ஜி போடச் சொன்னதாகக் கல்வெட்டில் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவைப் பிள்ளையார்பாளையம் வழியாக விடச் சொன்னேன். எங்கள் பழைய வீடு இப்போது மாடி வீடு. தறி இல்லை. நாலு வீடு தள்ளி ஒரு தறிச் சத்தம் மட்டும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர் நெய்துகொண்டிருந்தார், பக்கத்தில் அவர் மனைவி நாடா போட்டுக்கொண்டிருந்தார். "பசங்க எங்கம்மா?" என்றேன். "பையன் ஒரகடத்துல கம்பெனியில. பொண்ணு காலேஜ் லீவுல தூங்குறா" என்றார். மணி பதினொன்று. கதவிடுக்கில் பார்த்தேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது அந்தப் பெண். எழுப்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடுப்பு நாளை மறுநாள் முடிகிறது. நீட்டிப்பு கேட்டு இன்று காலை இரண்டாவது விண்ணப்பம் ஒட்டியிருக்கிறேன். அலுவலகம் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது; அதாவது, அடுப்படியில் ஏதோ தீய்கிறது.

வைகாசி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுக்க வருகிற திருவண்ணாமலைச் சித்தி குடும்பத்துக்கு: தாராளமாக வாருங்கள். காபி எங்கள் வீட்டுக்காரர் போடுவார். சர்க்கரை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள், எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.