கீபோர்டைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க

ஆகஸ்ட் திருவிழாச் சனம் போன பிறகு தலவில அன்னம்மாள் கோயிலடியில நிண்டு பாருங்க. ஒரு அலை விழுந்து அடுத்தது வரும்வரை ஒரு அமைதி. அதைக் கேட்டு வளர்ந்த கரைச்சனம் நாங்க, தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது மட்டும் இடைவெளியைத் தாங்க மாட்டோமாம். வாசிக்கிறவர் மூச்சு விட்டாலே கீபோர்ட் புகுந்திடுது. கேட்டா, "வெறுமையா இருக்கு" எண்டு பதில்.

1742இல் இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி எழுதின பாடுகள் அது. சனம் அழுறதே அந்த இடைவெளியிலதான். திருச்சபையே பெரிய வியாழன் 'உன்னதங்களிலே'க்குப் பிறகு மணியை நிப்பாட்டுது. பாஸ்கு இரவு வரை மரக்கட்டைதான். பிறகு மணி அடிக்கும்போது உடம்பு சிலிர்க்குதே, ஏன்? வாசிக்கிற ஒரு இரவாவது அந்தப் பெட்டியை வீட்டில வைச்சிட்டு வாங்க தம்பிமாரே.