சாக்கெட் ஒண்ணுதான், ஆனா ஓடாது!

பழைய கம்ப்யூட்டருக்கு வேற ப்ராசஸர் வாங்கும்போது நம்மில் பலர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். "சாக்கெட் ஒண்ணுதானே? அப்ப உட்கார்ந்துடும்!" உட்காரும், சரி. ஓடுமா?

இப்போது இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில், ஒரு சில ஏழாம் தலைமுறை ப்ராசஸர்களைத் தவிர, எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உங்களிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5-6500 என்று வையுங்கள். சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை ஐ5-8400-க்கும் அதே 1151தான். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கி மாட்டினால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2017-ல் இன்டெல், பின்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, மின்சாரம் போகிற பின்களின் அமைப்பை மாற்றிவிட்டது. எச்110, பி250 மாதிரி போர்டுகளுக்கு இது ஆகாது. 300 வரிசை போர்டு வேண்டும்.

கோர் கூடினால் மின்சாரமும் கூடத் தேவை என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் பெயரையும் மாற்றியிருக்கலாமே? ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்றால் நஷ்டம் வாங்குபவனுக்குத்தானே!

ஏஎம்டி மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். 2020 மே மாதம், ரைசன் 5000 ப்ராசஸர்கள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் ஓடாது என்ற நிலையைத்தான் அவர்களும் எடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டதும் அதே மாதத்தில் இறங்கி வந்தார்கள். 2022-ல் 300 வரிசை போர்டுகளுக்கும் வழி திறந்தது. ஆக, எல்லாமே தொழில்நுட்பத் தடை இல்லை. கேட்டால் கிடைப்பதும் உண்டு.

கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காசு கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் போர்டின் மாடலும் பயாஸ் வெர்ஷனும் இருக்கும். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். இருந்தால், எந்த பயாஸிலிருந்து என்றும் பாருங்கள். பழைய ப்ராசஸரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும்.

காமர்ஸ் மாணவன் என்ற முறையில் கடைசியாக ஒன்று. ப்ராசஸர் விலை மட்டும் செலவு ஆகாது. போர்டு மாறினால் அதையும் கூட்டுங்கள். பழைய போர்டு டிடிஆர்3 என்றால் ராமும் சேரும். அந்த மொத்தத்தைப் பார்த்த பிறகு அப்கிரேடா, வேறு மெஷினா, லினக்ஸ் போட்டு இருப்பதையே ஓட்டுவதா என்று முடிவு செய்யுங்கள்.