பழைய வண்டியும் ஒரு பரீட்சையும்

பரீட்சைக்கு முதல்நாள் இரவு மாத்திரம் விழித்திருந்து படித்து, மறுநாள் விடைத்தாளை நிரப்பிவிட்டு, மூன்றாம் நாள் யாவற்றையும் மறந்துவிடும் மாணவனை ஆசிரியராயிருந்தோர் எவரும் அறிவர். யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் கற்பித்த நான், அத்தகையோரைக் கண்டித்த நாட்கள் அனந்தம். ஓய்வுபெற்றபின் மகனோடு கலிபோர்னியாவில் வந்து குடியிருக்கும் இம்முதுமைப் பருவத்தில், நானே அம்மாணவனின் நிலையில் நிற்க நேருமென்று கனவிலும் நினைத்தேனில்லை. இம்முறை என்னைக் கண்டித்த ஆசான் ஒரு பழைய பிக்கப் வண்டி.

அது 2001 ஆம் ஆண்டு மாதிரி, பெற்றோலில் ஓடுவது. தோட்டத்துக்கு உரமும் பலகையும் ஏற்றிவர உதவுகிறது. எங்கள் பகுதியில் இத்தகைய பழைய வண்டிகள் ஈராண்டுக்கொரு முறை புகைப் பரிசோதனையிலே தேறவேண்டும். தேறாவிடின் பதிவு புதுப்பிக்கப்பட மாட்டாது. சென்ற ஆண்டு அத்தவணை நெருங்கியபோது, சாரதியின் முன்னுள்ள பலகையில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிற்று. அயலிலிருந்த திருத்துநர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் சிறு கருவியொன்றைப் பொருத்தி ஏதோ அழுத்தினார், விளக்கு அணைந்தது. கூலியைக் கொடுத்துவிட்டு, மறுநாட் காலையே பரிசோதனை நிலையத்துக்குச் சென்றேன்.

பரிசோதகர் சுக்கானின் கீழுள்ள 16 முனைச் செருகுவாயில் தம் கருவியை இணைத்தார். சிறிது நேரத்தில் அச்சிட்ட தாளொன்றை நீட்டினார். வண்டியின் சுயசோதனைகள் பல இன்னும் முடிவுறவில்லையாம். ஆகவே சான்றிதழ் இல்லையாம். “விளக்கு எரியவில்லையே, புகையும் வரவில்லையே!” என்றேன். “வண்டி ஆயத்தமாகவில்லை, இன்னும் ஓட்டிவிட்டு வாருங்கள்” என்றார். கட்டணத்தைச் செலுத்தி, கோபத்தோடு வீடு திரும்பினேன். அறிவில்லாத யந்திரமொன்று முடிவு சொல்ல, அறிவுள்ள மனிதன் அதற்குத் தலைவணங்குவதா என்பதே அன்றைய என் சிந்தனை.

கோபம் தணிந்தபின் விஷயத்தைக் கற்கலானேன். கற்றவற்றைச் சுருக்கிக் கூறுவேன்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தை 1943 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் சூழ்ந்தபோது, யுத்தகாலமாதலின், பகைவர் விஷவாயுவை ஏவினரோ என்று அஞ்சினோரும் உண்டு. அன்னாசிப் பழத்தின் நறுமணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர், 1950களின் தொடக்கத்தில் அதன் மூலத்தைத் தெளிவாக்கினார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் வெளிவிடும் ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் சூரிய ஒளியிலே கலந்து அந்நச்சுக் காற்றைப் பிறப்பிக்கின்றன என்பதே அவர் கண்ட முடிவு. 1967 இல் கலிபோர்னியாவின் வளிமண்டல வள சபை சட்டத்தால் அமைக்கப்பட்டபோது, அவரே அதன் முதற் தலைவரானார். அந்நீண்ட போராட்டத்தின் பயனாக, 1996 ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களும் இலகுரக லொறிகளும் தம்மைத் தாமே சோதிக்கும் கணினியைத் தாங்கி வருகின்றன.

அக்கணினியின் சோதனைகள் இருவகைப்பட்டன. எஞ்சினில் எரிபற்றல் தவறுகிறதா, எரிபொருட் கலவை அளவாயிருக்கிறதா என்பன போன்றவை ஓடும்பொழுதெல்லாம் நடைபெறுவன. மற்றையவையோ தக்க சூழ்நிலை வாய்த்தாலன்றி நடைபெறா. புகையைத் தூய்மையாக்கும் ஊக்கல் மாற்றியைச் சோதிக்க, அதன் முன்னும் பின்னுமுள்ள ஒட்சிசன் உணரிகளின் குறிகள் ஒப்பிடப்படுகின்றன. மாற்றி நல்ல நிலையிலிருப்பின் பின்னுள்ள உணரியின் குறி அமைதியாயிருக்கும், தேய்ந்திருப்பின் முன்னதைப் போலவே ஊசலாடும். பெற்றோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் சோதனை, ஒரு மில்லிமீற்றர் அகலமான துளையையும் கண்டுகொள்ள வல்லது. ஆனால் தாங்கி நிரம்பி வழிந்தாலும் வெறுமையாயிருந்தாலும் அது தொடங்காது.

பற்றறியைக் கழற்றினாலும், கருவிகொண்டு குற்றக்குறியை அழித்தாலும், இச்சோதனைகளின் முடிவுகள் யாவும் உடன் அழிந்துவிடுகின்றன. கணினி மீண்டும் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. என் திருத்துநர் செய்தது இதுவே. நோயைத் தீர்த்தாரல்லர், நோயாளியின் ஏட்டைக் கிழித்தெறிந்தார். கலிபோர்னியாவின் விதிப்படி, 1996 முதல் 1999 வரையிலான பெற்றோல் வண்டிகளுக்கு ஏதேனும் ஒரு சோதனை முடிவுறாதிருக்கலாம். 2000 உம் அதற்குப் பிந்தியவையுமாயின் ஆவிக்கசிவுச் சோதனை ஒன்றுக்கே அச்சலுகை உண்டு.

வேறொரு திருத்துநரை நாடினேன். பெற்றோல் ஆவி செல்லும் இறப்பர்க் குழாயொன்று வெடித்திருந்ததை அவர் கண்டு மாற்றினார். வண்டிக்குரிய கைந்நூலிற் கூறிய முறைப்படி அதனை ஓட்டுமாறும் பணித்தார். இரவு முழுவதும் வண்டியை அசையாது நிறுத்திவைத்தேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கி, சில நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டேன். பின் நகர வீதிகளில் நின்றும் சென்றும், நெடுஞ்சாலையில் மணிக்கு 55 மைல் என்னும் மாறாத வேகத்திலும் செலுத்தினேன். இடையிடையே காலை எடுத்து, தடையை மிதியாமலே வேகம் குறையவிட்டேன். தாங்கியிற் பெற்றோலைக் கால் பங்குக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மேற்படாமலும் வைத்திருந்தேன். நெரிசலில் மாறாத வேகம் ஏது? ஞாயிறு விடியற்காலையே அதற்கு உகந்ததாயிற்று. மாலைதோறும் மகன் சிறு கருவியால் நிலையை வாசித்துச் சொல்வான். முதலில் உணரியின் சூடாக்கி, அடுத்து உணரி, சில நாட்களின்பின் ஊக்கல் மாற்றி என ஒவ்வொன்றாய் முடிவுற்றன. சலுகை உண்டெனினும், குறை இருந்த இடம் அதுவேயாதலின், ஆவிக்கசிவுச் சோதனையும் முடியும்வரை காத்திருந்தேன். எட்டாம் நாள் அதுவும் முடிந்தது. வண்டி தேறிற்று.

இவ்விதியைச் சிவப்பு நாடாத் தொல்லையென ஏசுவோர் பலர். முதல்நாள் நானும் ஏசினேன். இன்று அவ்வாறு எண்ணுகிறேனில்லை. இவ்விதி இல்லையெனில், நிலையத்து வாசலிலே குறியை அழித்துவிட்டு உள்ளே நுழைவதை எவர் தடுப்பர்? வேறொரு நல்ல வண்டியிற் கருவியைப் பொருத்திப் போலிச் சான்றிதழ் வழங்கித் தண்டனை பெற்றோரும் இம்மாநிலத்தில் உண்டு. அத்தகையோர் வாழும் உலகில், ஒரு நாளைய தோற்றத்தை நம்பாமல் பல நாளைய ஒழுக்கத்தைக் கேட்கும் சட்டமே நியாயமான சட்டம்.

ஆயினும் சட்டம் நியாயமானதாயிருந்தால் மட்டும் போதாது. அது எவர் தோளில் ஏறுகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். இருபதாண்டு கடந்த பிக்கப் வண்டியை வைத்திருப்போர் பெரும்பாலும் செல்வரல்லர். புல் வெட்டுவோரும், கூரை வேய்வோரும், தச்சரும் அதனாற் பிழைக்கின்றனர். ஓய்வூதியக்காரனாகிய எனக்கு எட்டு நாள் காத்திருப்பது பொழுதுபோக்கு; நாட்கூலிக்காரனுக்கு அது அடுப்பெரியும் விஷயம். எனக்குக் கருவி வாசிக்க மகன் இருந்தான். கைந்நூலைப் படிக்க ஆங்கிலம் இருந்தது. இரண்டும் இல்லாதவன் மீண்டும் மீண்டும் கட்டணஞ் செலுத்தித் திரும்புவான். வருமானம் குறைந்தோருக்குத் திருத்தச் செலவில் இம்மாநிலம் உதவுகிறது; மெச்சத்தக்கதே. ஆனால் தன் வண்டிக்கு நேர்ந்தது யாதென்று விளங்காதவன், எந்த உதவியை எவரிடம் கேட்பான்?

ஆதலால் மூன்று விஷயங்கள் எங்கும் வழக்கமாதல் வேண்டும் என்பது என் கருத்து. கட்டணம் வாங்குமுன் வண்டி ஆயத்தமா என்பதைப் பார்த்துச் சொல்லுக. அது சில நிமிட வேலை. ஆயத்தமில்லையெனின், ஓட்டவேண்டிய முறையை அவரவர் மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க. குறியை அழிக்கும் திருத்துநர், “அழித்தேன், குறை இன்னும் தீரவில்லை” என்று பற்றுச்சீட்டிலே கையொப்பமிடுக. இவற்றால் சட்டத்தின் கடுமை அணுவளவும் குறையாது. ஏழையின் அலைச்சலே குறையும்.

நம் நாட்டிலும் 2008 ஆம் ஆண்டு முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெறுகிறது. குழாயின் முனையில் அவ்வேளை வெளிவரும் புகையையே அங்கு அளக்கின்றனர். அளவெடுக்கும் வேளைக்கு மட்டும் எஞ்சினைச் சீர்செய்யலாமே என்னும் எண்ணம் எவருக்கும் எழக்கூடும். அதைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. நானும் விளக்கை அணைத்துவிட்டுச் சென்றவனே.

என் பழைய மாணவர் சிலர் இதனைப் படிக்கக்கூடும். முதல்நாள் இரவுப் படிப்புக்காக அவர்களை அன்று கடிந்தேன். தவறிய பாடத்தை மீண்டும் படித்துவர எட்டு நாள் தவணை கொடுத்தேனா, எப்படிப் படிப்பதென்று ஒரு தாளிலேனும் எழுதிக் கொடுத்தேனா என்று இப்பொழுது எண்ணிப் பார்க்கிறேன். பலருக்கு இல்லை. இன்று வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களாவது அதனைச் செய்வார்களாக.