அரை மூடை யூரியாவின் கணக்கு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முட்டை வாங்குவோர் அதன் விலையைக் கேட்டு முகஞ்சுளிக்கும்போது சோளத்தை நினைப்பதில்லை; ஆயினும், கோழித் தீனில் பெரும்பங்கு சோளமே ஆதலாலும், அச்சோளம் அநுராதபுரத்திலும் மொனராகலையிலும் பெரும்போக மழையை நம்பி விளைவதாலும், அங்கே ஒரு கமக்காரர் தம் பயிருக்கு மேற்கட்டுப் பசளையாக எத்தனை மூடை யூரியா இடுகிறார் என்பது தலைநகரத்துச் சமையலறைவரை வந்து சேரும் விஷயமாகிறது. இந்த யூரியாவில் ஒரு பகுதியை நன்மை செய்யும் பற்றீரியாக்களைக் கொண்டு மிச்சப்படுத்தலாமா என்ற கேள்வி இப்போது மீண்டும் எழுந்திருக்கிறது. அதை உணர்ச்சியால் அன்றிக் கணக்கால் தீர்மானிக்க வேண்டும் என்பதே எமது அபிப்பிராயம்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும் வரையிலான மாதங்களில், சேதனப் பசளையும் நுண்ணுயிர்ப் பசளையும் யூரியாவின் இடம் முழுவதையும் நிரப்புமாறு நிர்ப்பந்திக்கப்பட்டன. அவற்றால் அது இயலவில்லை. இயலாது என்பதை இத்துறையில் உழைத்தவர்கள் முன்னரே அறிந்திருந்தார்கள். நெல்லிலும் சோளத்திலும் நேர்ந்த நஷ்டம் பெரிது. கமக்காரருடைய விசுவாசத்தில் நேர்ந்த நஷ்டம் அதனினும் பெரிது என்றே நாம் கருதுகிறோம்.

சோயா அவரையின் வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பற்றீரியா, தான் வளிமண்டலத்திலிருந்து பதிக்கும் நைதரசனைச் செடிக்கு நேராகவே கொடுக்கிறது. சோளத்தின் வேரைச் சுற்றி வாழும் அசோஸ்பிரில்லமோ அவ்வாறு செய்வதில்லை. அது பதிக்கும் நைதரசன் சொற்பம். அதன் முக்கிய உபகாரம், வேரைக் கிளைக்கச் செய்யும் வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து, மண்ணில் ஏற்கெனவே உள்ள நீரையும் நைதரசனையும் செடி கூடுதலாக எடுத்துக்கொள்ள வழிசெய்வதாகும். பிரேசிலில் ஜொஹானா டோபரைனர் தொடக்கிவைத்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து மரியாங்கெலா ஹுங்கிரியாவும் அவர் குழுவினரும் தேர்ந்தெடுத்த அசோஸ்பிரில்லம் இனங்கள், அந்நாட்டுச் சோள வயல்களில் மேற்கட்டு நைதரசனின் காற்பங்கைக் குறைத்தும் விளைச்சல் குறையாமற் காத்தன என்று பதிவாகியிருக்கிறது. முழுவதையும் அன்று, காற்பங்கை.

அந்தக் காற்பங்கை நம் நாட்டு ரூபாவில் நிறுத்துப் பார்ப்போம். ஏக்கருக்கு மேற்கட்டாக இரண்டு மூடை யூரியா இடுபவருக்குக் காற்பங்கு என்பது அரை மூடை, அதாவது 11.5 கிலோ நைதரசன். மூடை 10,000 ரூபா என்றும், நுண்ணுயிர்ப் பசளைக்கு ஏக்கருக்கு 1,000 ரூபா என்றும் கொண்டால், காரியம் பலித்தபோது மிஞ்சுவது 4,000 ரூபா. பலிக்காதபோதோ, அந்தக் கடைசி நைதரசன் கிலோவொன்றுக்கு எட்டுக் கிலோ சோளம் தரவல்லதாயின், 92 கிலோ சோளம் குறையும். கிலோ 100 ரூபா வீதம் 9,200 ரூபா. மிச்சம் பிடித்ததைக் கழித்தும் 5,200 ரூபா நஷ்டம். ஆகவே, பத்து வயலில் ஆறு வயலிலாவது பற்றீரியா பலித்தாலன்றி இம்முயற்சி ஆதாயமாகாது. மூடை 1,500 ரூபாவுக்குக் கிடைக்குமாயின் மிச்சமாவது 750 ரூபாவே. அது நுண்ணுயிர்ப் பசளையின் விலைக்கே போதாது. மானிய யூரியா தாராளமாகக் கிடைத்த காலத்தில் கமக்காரர் இதை ஏறெடுத்தும் பாராதது அறியாமையால் அன்று. அவர் கணக்குச் சரியாகவே இருந்தது.

பத்தில் ஆறு என்ற அந்த எல்லையைத் தாண்டுவதும் தாண்டாததும் பெரும்பாலும் நம் கையாளுகையைப் பொறுத்தவை. தகரக் கூரையின் கீழ் வாரக்கணக்கில் வெந்து கிடந்த பொதியில் உயிருள்ள கலங்கள் எத்தனை எஞ்சும்? பூஞ்சணநாசினி பூசி வரும் கலப்பின விதையின் மேலேயே பற்றீரியாவைப் பிரட்டினால் அது எவ்வளவு நேரம் உயிர்தரிக்கும்? விதையை விட்டு, நடும் சாலில் இடுவதே அத்தகைய விதைக்கு உகந்தது. பொதியின் மேல் உற்பத்தித் திகதி மட்டும் இருந்தால் போதாது. விற்பனை செய்யும் நாளில் உள்ள உயிர்க்கல எண்ணிக்கைக்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும்.

இன்னொரு குறையையும் மனந்திறந்து சொல்லவேண்டியிருக்கிறது. செயல்விளக்க வயல்கள் பலவற்றில் முழு யூரியா இட்ட பகுதியும், யூரியாவைக் குறைத்துப் பற்றீரியா இட்ட பகுதியும் மாத்திரமே ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் சமமாக விளைந்தால் புகழ் பற்றீரியாவுக்குப் போகிறது. அந்த மண்ணுக்கு அந்த அரை மூடை தேவையே இல்லாதிருந்திருக்கலாம் அல்லவா? மண்ணின் மேல் மூடாமல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடுவதை நாம் அறிவோம். ஈரம் பார்த்து இட்டு மண்ணால் மூடினாலே மிச்சமாகக்கூடியதைப் பணங்கொடுத்து வாங்கச் சொல்வது முறையாகாது.

ஆகையால் விவசாயப் போதனாசிரியர்களை நாம் வேண்டிக்கொள்வது இதுதான்: வரும் பெரும்போகத்தில் உங்கள் பிரிவில் ஒரு கமக்காரருடைய ஒரே வயலில் மூன்று கீற்றுகளை ஒதுக்கி, ஒன்றில் முழு யூரியாவும், ஒன்றில் காற்பங்கு குறைத்த யூரியாவும், ஒன்றில் அதே குறைந்த யூரியாவுடன் பற்றீரியாவும் இடச் செய்து, அறுவடையை உலர்த்தித் தனித்தனியே நிறுத்து, அந்த நிறைகளை, விளைவு எதுவாயினும், எமக்கு அனுப்பிவையுங்கள்.